இரண்டாவது பெட்டி

அன்பு மகள் மதிக்கு,

நீ அனுப்பிய நாடகப் பிரதி கிடைத்தது. கூடவே ஒரு வரி எழுதியிருக்கலாம். 'அப்பா, படித்துப் பாருங்கள்' என்றுகூட இல்லை. இத்தனை நாள் பேசாமல் இருந்துவிட்டு வெறும் நாடகத்தை மட்டும் அனுப்பினால் நாங்கள் என்னவென்று எடுத்துக்கொள்வது? இருக்கட்டும். வந்ததே, அதுவே மகிழ்ச்சி.

அன்றிரவே படித்தேன். மறுநாள் வாய்விட்டுப் படித்தேன். வாய்விட்டுப் படிக்காமல் நாடகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லக் கூடாது என்று உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தானே. நீ குறித்திருக்கும் மௌனங்களை விழுங்கிவிடாமல் படித்தால் பன்னிரண்டு நிமிடம் வருகிறது. அம்மா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன பொருள் என்று உனக்குத் தெரியும்.

நன்றாக எழுதியிருக்கிறாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் கேட்கப்போவதை வைத்து அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிடாதே. லிஃப்டுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண் பக்கத்து வீட்டு அம்மாளிடம் பேசுகிறாள். அவ்வளவுதான் நாடகம். அந்த அம்மாள் மேடையிலேயே இல்லை. ஆனாலும் அவர் எந்த இடத்தில் புருவத்தை உயர்த்தினார், எந்த இடத்தில் பெட்டிகளைப் பார்த்தார் என்று எனக்குத் தெரிந்தது. தனிநபர் நாடகம் எழுதுகிற பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். பாத்திரம் யாரிடம் பேசுகிறது, ஏன் இன்றைக்குப் பேசுகிறது என்று முடிவு செய்யாமல் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். நடிகர் மேடையில் நின்று நாட்குறிப்பை ஒப்பிப்பதுபோல் ஆகிவிடுகிறது. உன்னுடையதில் ஒவ்வொரு வரியிலும் லிஃப்ட் வந்துவிடுமோ என்ற பதற்றம் இருக்கிறது. சபையில் வைத்துச் சொல்வேன், இது என் மகள் எழுதியது என்று.

சின்ன வயதில் உனக்குப் பெரிய நாடகங்களே பிடிக்காது. முதல் அங்கம் முழுக்க இவர் இன்னாருக்கு உறவு என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்று சலித்துக்கொள்வாய். டேவிட் ஐவ்ஸின் குறுநாடகம் 'ஷ்யூர் திங்' நினைவிருக்கிறதா? ஓட்டலில் முன்பின் தெரியாத ஓர் ஆணும் பெண்ணும் பேசத் தொடங்குவார்கள். பேச்சு பிசகும்போதெல்லாம் ஒரு மணி அடிக்கும், பிசகிய இடத்திலிருந்து மறுபடி பேசுவார்கள். அதை நாம் படிக்கும்போது மணி அடிக்கும் பொறுப்பை நீ யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாய். ஏப்ரலில் நாம் போனில் பேசினோமே, அன்றைக்கு அப்படி ஒரு மணி இருந்திருந்தால் நான் அடித்திருப்பேன். நீயும் அடித்திருப்பாய் என்று நம்புகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த இரண்டாவது பெட்டி எதற்கு?

முதல் பக்க மேடைக் குறிப்பில் 'இரண்டு பெரிய பெட்டிகள்' என்று எழுதியிருக்கிறாய். அவளோ தோழியின் கல்யாணத்துக்குப் போகிறேன், இரண்டு நாளில் திரும்பிவிடுவேன் என்கிறாள். இரண்டு நாளுக்கு இரண்டு பெரிய பெட்டிகளா? பார்ப்பவர்கள் கேட்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறாய், புரிகிறது. வாய் சொல்வது ஒன்று, மேடையில் இருக்கும் பொருள் சொல்வது வேறு. அந்த இடைவெளியில்தான் நாம் உட்கார்ந்து பார்க்கிறோம். இது கெட்டிக்கார வேலை. கணவனைப் பற்றி நாடகம் முழுக்க 'அவருக்கு வேலை' என்ற ஒரே வரி. அதுவும் கெட்டிக்கார வேலைதான். ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

ஆலன் பென்னட் பிபிசி தொலைக்காட்சிக்காக எழுதிய 'டாக்கிங் ஹெட்ஸ்' தனிநபர் நாடகங்கள் 1988-ல் வந்தன. அதில் டோரிஸ் என்று ஒரு மூதாட்டி, வயது 75. தோரா ஹர்ட் நடித்தார். வீட்டில் தனியாக இருக்கும்போது விழுந்துவிடுகிறார், எழுந்திருக்க முடியவில்லை. தரையிலேயே நகர்ந்து நகர்ந்து வாசல் கதவருகே வருகிறார். வெளிச்சம் இல்லையே என்று காவலர் ஒருவர் வந்து, நலமாக இருக்கிறீர்களா என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்கிறார். டோரிஸ் என்ன சொன்னார்? நன்றாக இருக்கிறேன், தூங்கிக்கொண்டிருந்தேன் என்று சொல்லி அவரை அனுப்பிவிடுகிறார். உண்மையைச் சொன்னால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயம். ஒரு சொல் சொல்லியிருந்தால் உதவி கிடைத்திருக்கும்.

பென்னட் அந்தக் காவலரைக் குறை சொல்லவில்லை. அவர் கேட்டார், பதில் கிடைத்தது, போய்விட்டார். நான் குறை சொல்கிறேன். கதவைத் திறங்கள், முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் விவரம் தெரிந்த ஒருவரின் கதவை எத்தனை முறை தட்டலாம், மதி? நன்றாக இருக்கிறேன் என்று உள்ளேயிருந்து குரல் வந்த பிறகும் நின்றுகொண்டிருக்கலாமா? எனக்கு இது தெரியவில்லை. அம்மாவைக் கேட்டால், நிற்கலாம் என்கிறாள்.

பாத்திரம் வேறு, எழுதியவர் வேறு என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும். எழுதுகிறவர்களிடம் 'இது உங்கள் கதையா' என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஆனால் சாமுவேல் பெக்கெட்டின் 'நாட் ஐ' என்ற நாடகம் இருக்கிறதே, 1972-ல் முதலில் மேடையேறியது, இருட்டில் ஒரு வாய்க்கு மட்டும் வெளிச்சம். அந்த வாய் மூச்சுவிடாமல் ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறது. அது தன் கதைதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய இடம் வரும்போதெல்லாம் மறுத்து, 'அவள்', 'அவள்' என்றே கத்துகிறது. பார்ப்பவர்களுக்கு எப்போதோ தெரிந்துவிடுகிறது. நீ நாலாம் பக்கத்தில் 'தோழிக்கும் இப்படித்தான் ஆயிற்று' என்று அந்தப் பெண்ணைச் சொல்லவைத்திருக்கிறாயே, அங்கே நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடர்ந்தேன்.

மாப்பிள்ளை நலமா என்று போன மாதமும் கேட்டு எழுதியிருந்தேன்.

கேரில் சர்ச்சிலின் 'லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்' 2012-ல் வந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட சின்னச் சின்னக் காட்சிகள், நூறு பேருக்கு மேல் பாத்திரங்கள். எந்த வரியை யார் பேசுவது என்றுகூடப் பிரதியில் இல்லை, நடத்துகிறவர்கள் முடிவு செய்துகொள்ள வேண்டும். அதில் ஒருவர் மற்றவரிடம் ரகசியத்தைச் சொல், சொல் என்று விடாமல் கெஞ்சும் காட்சி ஒன்று உண்டு. கடைசியில் காதோடு காதாகச் சொல்லப்படுகிறது, நமக்குக் கேட்காது. கேட்டவருக்கோ இனி என்ன செய்வது என்ற திகைப்பு. நல்ல குறுநாடகம் இப்படித்தான் முக்கியமானதை நம்மிடம் சொல்லாமலே வைத்துக்கொள்ளும். பார்வையாளனாக அது எனக்கு மிகவும் பிடிக்கும். உன் விஷயத்தில் நான் பார்வையாளன் மட்டும் இல்லையே, அம்மா.

கல்யாணத்துக்குப் பிறகு நீ எதையுமே எழுதவில்லை. கேட்டால் நேரமில்லை என்பாய். சூசன்-லோரி பார்க்ஸ் 2002 நவம்பரில் தொடங்கி ஒரு வருடம் நாளுக்கொரு நாடகம் எழுதினார், சில ஒரு பக்கத்துக்குள் முடிந்துவிடும், நீயும் தினம் அரைப் பக்கம் எழுது என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். கேட்டாயா? இப்போது திடீரென்று இவ்வளவு நல்லதாக ஒன்று வருகிறது. எனக்குப் பெருமையாக இருக்கிறது, வயிற்றைக் கலக்கவும் செய்கிறது. நேரத்துக்குத் தூங்கு. பெரியப்பாவிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டோம்.

பிரதியில் ஒரே ஒரு குறை. ஏழாம் பக்கத்தில் அந்தப் பெண் தன் மனநிலையை விளக்கத் தொடங்குகிறாள், 'எனக்கு மூச்சு முட்டுகிறது' என்கிறாள். அதை எடுத்துவிடு. அதற்கு முன்பே அவள் லிஃப்ட் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துகிறாளே, அதுவே போதும். நடிக்கிறவருக்கு அங்கே இடம் விடு. ஆனால் அந்த வரியை நீ என்னிடம் சொல்ல நினைத்திருந்தால் நாடகத்திலிருந்து எடுத்து என்னிடம் நேராகச் சொல். நேரம் பார்க்க வேண்டாம், நள்ளிரவானாலும் பரவாயில்லை.

மாடி அறையில் இருந்த பழைய செய்தித்தாள்களையெல்லாம் அம்மா போட்டுவிட்டாள். அலமாரியும் காலியாக இருக்கிறது. எத்தனை பெட்டி வந்தாலும் வைக்கலாம். நாங்கள் ஒன்றும் கேட்க மாட்டோம். நான் கேட்டாலும் அம்மா என்னைக் கேட்கவிட மாட்டாள்.

நாடகத்தின் கடைசி வரியில் லிஃப்ட் வரும் சத்தத்தோடு விளக்கணைகிறது. அவள் ஏறினாளா என்று நீ எழுதவில்லை. மேடையில் அப்படியே இருக்கட்டும், மாற்றாதே. எனக்கு மட்டும் எழுது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருப்போம். நேரத்துக்குத் தூங்கு.

அன்புடன்,
அப்பா