கேஸ் தீர்வதில்லை, கசிகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் காரின் ஏசியில், குளிரூட்டும் கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசர் பத்து விநாடிக்கு ஒருமுறை 'டக்' என்று நின்று, மீண்டும் ஓடியது. பணிமனையில் "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று நிரப்பி அனுப்பினார்கள். மூன்றே மாதத்தில் அதே சத்தம். மறுபடியும் நிரப்பினார்கள்!

பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருளா அது? மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் பொருள். அழுத்தம் குறைந்ததும் பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்துகிறது. நின்றதும் அழுத்தம் ஏற, மீண்டும் ஓடுகிறது. இந்த ஓயாத இழுபறியில், கம்ப்ரசரை இன்ஜினோடு இணைத்துப் பிரிக்கும் கிளட்ச் தேய்கிறது.

வேறொரு மெக்கானிக் முதலில் கம்ப்ரசருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை அளந்தார். கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் விசிறியையும் சோதித்தார். அது ஓடாவிட்டால் அழுத்தம் மிகுந்தும் இப்படி நிற்குமாம். பிறகு ஒரு குழாய் இணைப்பில் கேஸோடு சேர்ந்து கசிந்த எண்ணெய்ப் பிசுக்கைக் காட்டினார். தேய்ந்துபோன ஒரு சிறு ரப்பர் வளையம்தான் காரணம். அதை மாற்றி, குழாய்களிலிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, எடை பார்த்து நிரப்பினார்.

பல கார்களின் ஏசியில் உள்ள ஆர்-134ஏ என்ற கேஸ், கரியமில வாயுவைவிட 1,000 மடங்குக்கு மேல் புவியைச் சூடாக்கக்கூடியது. கசிவைத் தேடாமல் நிரப்புவதைப் பணிமனைகள் நிறுத்த வேண்டும். கார் வைத்திருப்பவர்களும் "கசிவு எங்கே?" என்று கேட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி