கதிருக்கு அப்பா எழுதுவது

கண்ணு,

அங்கே பனி கொட்டுகிறதா? மூன்று வாரமாக போனில் 'நல்லா இருக்கேன்பா' என்று சொல்லி வைத்துவிடுகிறாய். சரி, வேலை இருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

நீ பேஸ்பால் பார்க்கக் கூட்டிப் போனதிலிருந்து எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. உங்கள் சிகாகோவுக்கு ஆடிய ராஸ் பார்ன்ஸ் பற்றித்தான் இப்போது படித்தேன், இரண்டாவது பேஸ்காரர், அதாவது ஓடுகிறவர் தொட்டு நிற்கிற இரண்டாவது முனையைக் காக்கிறவர். அவர் இருந்த பாஸ்டன் அணி 1872 முதல் 1875 வரை நாலு வருஷமும் சாம்பியன் ஆனது. அப்புறம் சிகாகோ வந்து, நேஷனல் லீக் என்கிற பெரிய போட்டித்தொடர் தொடங்கிய 1876-லேயே சராசரி .429 அடித்தார், பத்து தடவை மட்டை பிடித்தால் நாலுக்கு மேல் ஹிட்! அந்த லீக்கின் முதல் ஹோம் ரன்னும் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருவது) அவருடையதுதான். பந்தைக் கோட்டுக்குள்ளே ஒரு குத்து குத்தவைத்து வெளியே சீறவிடுவாராம், ஆள் ஓடி எடுப்பதற்குள் இவர் பேஸில் நிற்பார். அடுத்த வருஷமே அந்த அடி செல்லாது என்று விதியை மாற்றிவிட்டார்கள்.

அதனால்தான் அவர் ஆட்டம் போச்சு என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதே 1877-ல் குளிர்காய்ச்சல் வந்து மாதக்கணக்கில் படுத்துவிட்டார், ஆடியது 22 ஆட்டம்தான். படுத்திருந்த நாளுக்கு கிளப் சம்பளம் தரவில்லை, வழக்குப் போட்டும் தோற்றார். 1879-ல் ஆடிப் பார்த்தார், 1881-லும் ஆடினார், பழைய தெம்பு திரும்பவே இல்லை. கடைசியாக ஆடும்போது வயது 31. உன் வயது.

பாப்பா காட்டிய வீடியோவில் உன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. ரத்தம் எடுத்துப் பார். லீவு போட்டால் போடு, சம்பளம் போனால் போகட்டும். தெருவில் யார் கேட்டாலும் 'பையன் சிகாகோவில்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறவன்தான் நான், ஆனாலும் பாப்பாவிடம் சொல்கிறவன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நேரத்துக்குச் சாப்பிடு.

பத்தாவது கணக்குப் பரீட்சை அன்று உனக்கு மஞ்சள் காமாலை. ஆட்டோவில் போகும்போதே வாந்தி எடுத்தாய். என் துண்டால் உன் வாயைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, உள்ளே அனுப்பிவிட்டேன். நூறு வாங்கினாய், ஊரெல்லாம் சொன்னேன், வாந்தியை மட்டும் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றால் வாயைத் திறக்கக் கூடாது என்று அன்றைக்கு உனக்குச் சொல்லிக் கொடுத்தது நான்தான். தப்பு என்னுடையது கண்ணு.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். உனக்கு அப்போது சனிக்கிழமை ராத்திரி. கூப்பிடு, நான் மட்டும்தான் இருப்பேன்.

அப்பா