பழைய மஸ்டாங்குக்குப் பின் அக்சல்

ஆசிரியருக்கு,

பழைய ஃபோர்ட் மஸ்டாங்குக்கு லிமிடெட் ஸ்லிப் அக்சல் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதுக்கும் இழுவை கொடுக்கும் பின் அக்சல்) தேடிக் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்கு வருவோர், கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பிக் காசு கொடுத்துவிட வேண்டாம். முதலில் அளவுநாடாவை எடுங்கள். 1967 மொடலின் அக்சல், 1965–66 மொடலுடையதைவிட 2 அங்குலம் அகலம். அகன்றதைப் பழைய காரில் பூட்டினால் டயர் மட்கார்டில் உரசக்கூடும்.

அப்புறம், அக்சலின் ஒரு முனையைக் கையால் சுற்றிப் பாருங்கள். மறுமுனை எதிர்ப்பக்கம் சுற்றினால் அது லிமிடெட் ஸ்லிப் இல்லாத சாதாரண டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதி), அல்லது உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்துபோன லிமிடெட் ஸ்லிப். இரண்டும் ஒரே பக்கம் சுற்ற வேண்டும்.

எஞ்சின் கைவைக்காத 289 (289 கன அங்குல V8) என்றால் 8 அங்குல அக்சலே தாராளம்; இந்த அங்குலம் அக்சலின் அகலம் அல்ல, உள்ளிருக்கும் பெரிய பற்சக்கரத்தின் விட்டம். 9 அங்குலத்தின் பெயருக்காக ஏன் கூடுதலாகக் கொட்ட வேண்டும்? பூட்டியதும் ஒயிலோடு ஃப்ரிக்‌ஷன் மொடிஃபயர் (கிளட்ச் தட்டுகள் சீராக வழுக்க உதவும் சேர்மானம்) சேருங்கள். இல்லாவிட்டால் திருப்பங்களில் கடகடக்கும்.

கராஜ் மெக்கானிக்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13