மருந்துப் பையோடு வரும் அக்காவுக்கு நன்றி

அம்மாவுக்கு வாய்ப் புற்றுநோய்க்குச் செய்த ஆபரேஷன் தையலை நேற்று பிரித்துவிட்டார்கள். மற்ற விவரமெல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரியும், திரும்ப எழுதவில்லை. "ஆரம்பத்திலேயே கொண்டுவந்துட்டீங்க" என்று டாக்டர் சொன்னதும் எனக்கு ஒருவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வீடு தேடி மருந்து தருகிற அரசாங்கத்தின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அப்பாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிற அக்கா. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றைக்கும் அவர் வந்தது அப்பாவுக்கு பிரஷர் பார்க்கத்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மா ஒரு பக்கமாகவே மெல்லுவதைக் கவனித்து, "ஏனுங்கம்மா, அந்தப் பக்கம் என்னாச்சுங்க?" என்று கேட்டிருக்கிறார். சூட்டுப்புண் என்று அம்மா சமாளித்தும் விடவில்லை. செல்போன் வெளிச்சத்தில் வாய்க்குள் பார்த்திருக்கிறார். அதற்கு முன் காட்டிய ஒரு கிளினிக்கில் வாயைத் திறக்கக்கூடச் சொல்லாமல் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை எழுதி அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அம்மாவைக் கூட்டிப்போனவரும் அந்த அக்காதான். அவருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை, சம்பளம்கூட இல்லை. போகும்போதே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்திருந்தார்: "இடது கன்னத்தின் உள்ளே புண். இரண்டு வாரம் தாண்டியும் ஆறவில்லை. சுற்றி வெள்ளைப் படலம். வாய் முழுசாகத் திறக்க முடியவில்லை. பல வருடமாகப் புகையிலை." அந்தக் கடைசி வரியை அம்மா எந்த டாக்டரிடமும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார். அதைப் படித்த டாக்டர் அப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். அங்கேயும் முதலில் நீட்டியது அந்தச் சீட்டைத்தான். களிம்பு கொடுத்துப் பார்க்கலாம் என்ற பேச்சே வரவில்லை, நேராகச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள்.

எடுத்த சதையை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயமேற்றித்தான் பார்க்க முடியுமாம். அதற்கு ஆகிற நாள் ஆகத்தான் செய்யும். ஆனால் அந்த லேபுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் வீணாகிற வாரங்களை நாம் குறைக்கலாம். இங்கிலாந்தில், புற்றுநோயோ என்ற சந்தேகத்தில் அவசரமாக அனுப்பப்படுகிறவருக்கு உண்டா இல்லையா என்பதை 28 நாளுக்குள் சொல்லிவிட வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒரு கெடு வர வேண்டும் என்று மனசார ஆசைப்படுகிறேன். அதுவரை இந்த அக்கா மாதிரி ஆட்கள்தான் நமக்குக் கதி.

ரத்தம் கொடுத்த தம்பிகள், காப்பீட்டு அட்டைக்கு அலைந்த மாமா, மாடு கன்றைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அத்தை, கேட்டதும் லீவு கொடுத்த பனியன் கம்பெனி, ராத்திரியெல்லாம் அம்மாவுக்கு முகம் கோணாமல் பார்த்த நர்ஸம்மாக்கள், எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

அப்புறம் ஒன்று. நம் ஈரோடு மாவட்டத்தில் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு அரசாங்கமே பரிசோதனைக்கு அழைக்கிறது. எங்கள் கம்பெனியில் என்னோடு வேலை செய்கிற பெண்களை ஒவ்வொருவராக அதற்குக் கூட்டிப்போகப் போகிறேன். ஊரில் யாருக்காவது ஆறாத புண், கட்டி என்று சந்தேகம் இருந்து, தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். ஸ்கூட்டர் இருக்கிறது. என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சீட்டில் எழுதிக்கொண்டு நானும் கூட வருகிறேன்.