கையெழுத்துப் போட்டவர்களுக்கு ஒரு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் என் தறிக்கடனின் கடைசித் தவணையைக் கட்டிவிட்டு, கடன் தீர்ந்ததாக வங்கியில் கொடுத்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, இந்த மடலை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று தோன்றியது. நான் நன்றி சொல்ல வேண்டியவர்களில் பெரும்பாலானோர் தங்கள் பெயர் வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருப்பதால், யாருடைய பெயரையும் இங்கே எழுதவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தம்மைத் தெரியும்.

2007-ஆம் ஆண்டில் ஒரு வரப்புத் தகராறில் என் கையால் ஒருவர் இறந்தார். இப்படித்தான் பல ஆண்டுகள் சொல்லிப் பழகியிருந்தேன். நான் கொன்றேன் என்பதே சரியான சொல். ஜாமீன் எடுக்க ஆளில்லாமல் விசாரணைக் காலம் முழுவதும் உள்ளேயே கழிந்தது. அதன் பிறகு ஆயுள் தண்டனை. எம்.ஜி.ஆர். நூற்றாண்டையொட்டி, 2018 பிப்ரவரியில் 10 ஆண்டுகளை நிறைவு செய்திருந்த ஆயுள் தண்டனைச் சிறைவாசிகளை முன்கூட்டியே விடுவிக்க அரசு ஆணையிட்டபோது, அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது.

கோவை மத்திய சிறை என்றால் ஊருக்கு வ.உ.சி. செக்கிழுத்த இடம்; எனக்கு அது தறி கற்ற இடம். நாங்கள் நெய்தது காவலர் சீருடைக்கான காக்கித் துணி. என்னைப் பிடித்துக் கொண்டுபோனவர்களின் சட்டைத்துணியை நானே நெய்கிறேன் என்று மனைவிக்கு எழுதிய கடிதத்தைத் தணிக்கை செய்த அதிகாரி சிரித்துவிட்டு அனுப்பிவைத்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அறுந்த இழையை எந்தக் கையால் பிடிப்பது என்பதிலிருந்து தொடங்கி, பாவும் ஊடையும் ஒழுங்காக வரும்வரை கோபப்படாமல் கற்றுத்தந்த நெசவு போதகருக்கு என் முதல் நன்றி. எட்டாம் வகுப்போடு நின்றுபோன என்னைப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவைத்தவர் எங்கள் தொகுதியிலேயே இருந்த பட்டதாரிச் சிறைவாசி. லாக்கப் ஆன பிறகு, தரையில் கரிக்கட்டியால் கணக்குப் போட்டுக் காட்டுவார். அரசாணையில் சில குற்றப்பிரிவுகளுக்கு விலக்கு இருந்ததால் அவருக்கு அந்த ஆண்டு விடுதலை கிடைக்கவில்லை. நான் கிளம்பிய காலையில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வெளியே போய்க் கணக்கை மறந்துவிடாதே என்றார். ஐயா, கூலிக் கணக்கை இன்றும் நானேதான் போடுகிறேன்.

சிறையில் ஈட்டும் கூலி முழுவதும் கைக்கு வராது. எங்கள் காலத்தில் பாதி பராமரிப்புச் செலவுக்கும், நூற்றுக்கு 20 பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்கும் பிடிக்கப்பட்டு, மிச்சமே எங்கள் கணக்கில் சேரும். கூலியில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்குப் போக வேண்டும் என்பது 1998-இல் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் முதல் இரண்டு ஆண்டுகள் நான் அதை வெறுத்தே இருந்திருப்பேன். அந்தப் பணம் அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்கும் இடத்தில் நான் இல்லை.

வெளியே வந்தபோது ஊர் மாறியிருந்தது என்பதைவிட, ஊரின் ஏடுகளில் நான் இல்லாமல் போயிருந்தேன் என்பதே உண்மை. நான் உள்ளே போனபோது ஆதார் என்ற சொல்லே கிடையாது. திரும்பியபோது அது இல்லாமல் கைப்பேசிக்கு ஒரு சிம் வாங்கக்கூட முடியவில்லை. ரேஷன் அட்டையில் பெயர் நீக்கப்பட்டிருந்தது. ஓர் அலுவலகத்தில் அடையாளச் சான்றாக என் விடுதலைச் சான்றிதழைக் கொடுத்தபோது, அங்கிருந்தவர் அதை விரல்நுனியால் தள்ளிவைத்தார். அதே தாளை வாங்கிப் பொறுமையாகப் படித்து, எந்த எந்த மனுவை எங்கே கொடுக்க வேண்டும் என்று தன் கைப்படவே எழுதித்தந்த, மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் தன்னார்வலர் அம்மாவுக்கு நன்றி. என் மனைவிக்குத் தையல் இயந்திரம் கிடைக்க வழிகாட்டிய நன்னடத்தை அலுவலருக்கும் நன்றி.

வேலை கொடுத்த தறிக்காரரைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். பல்லடம் பக்கத்தில் விசைத்தறிக்கு ஆள் கிடைக்காமல் அல்லாடும் காலத்திலும், ஏழு குடோன்களில் என்னை வேண்டாம் என்றார்கள். எட்டாவது குடோனில் இவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை தறி ஓட்டுவாய் என்பது. இரண்டாம் கேள்வி, ராத்திரி ஷிப்ட் வருவாயா என்பது. மூன்றாவதாக அந்தக் கேள்வி வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. சில மாதங்கள் கழித்துப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு மோட்டார் காணாமல் போய், விடியும் முன்பே என் வீட்டுக் கதவு தட்டப்பட்டபோது, அவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி நேரில் வந்து, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை இவன் என் தறியில் நின்றான் என்று சொல்லி, எழுதியும் கொடுத்தார். பிறகு நான் சொந்தமாக நான்கு தறி போட வங்கிக் கடன் கேட்டபோது, ஜாமீன் கையெழுத்தும் அவருடையதே. தன்னிடம் வேலை செய்கிற ஆள் தனித்தறி போட்டால் தனக்கு ஓர் ஆள் குறையும் என்று தெரிந்தே போட்ட கையெழுத்து அது.

அதற்கும் முன்னால் விழுந்த கையெழுத்து ஒன்று உண்டு. 2012-இல் அம்மா இறந்தபோது அவசர விடுப்பில் வர எனக்காகப் பிணை நின்றவர், நான் படித்த தொடக்கப்பள்ளியின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கெடு முடிந்த அன்று பேருந்து ஏற்றிவிட வந்தவர், வழியில் சாப்பிட எலுமிச்சைச் சோறு கட்டிக் கொடுத்தார். அவர் இப்போது உயிருடன் இல்லை.

சென்னைப் புத்தகக் காட்சியில் சிறை நூலகங்களுக்காகக் ‘கூண்டுக்குள் வானம்’ என்ற அரங்கு வைத்து நூல்கள் திரட்டியபோது, முகமறியாத ஆட்களுக்காகப் புத்தகம் கொடுத்தவர்களுக்கும் நன்றி. நான் உள்ளே இருந்தபோது அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. முன்பக்கம் கிழிந்த ஒரே நாவலை நான்கு முறை படித்திருக்கிறேன்.

இறுதியாக, இந்த மடல் சேர வேண்டும் என்று நான் எதிர்பார்க்காத ஒருவருக்கு.

2013-இல் சாதாரண விடுப்புக்கு நான் மனுச் செய்தபோது, நன்னடத்தை அலுவலர் ஊருக்கு வந்து விசாரித்தார். வழக்கப்படி உங்கள் வீட்டுக்கும் வந்தார். நீங்கள் மறுத்திருந்தால் என் மனு அங்கேயே நின்றிருக்கும். மறுக்க உங்களுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. நீங்கள் சொன்னதை அவர் பிற்பாடு என்னிடம் அப்படியே சொன்னார்: “வரட்டும். எங்கள் வீதி வழியாக வரக்கூடாது.” மன்னித்துவிட்டதாக நீங்கள் சொல்லவில்லை, நானும் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால், அந்த ஒரு சொல்லால் என் மகளை அவளுடைய ஏழாவது வயதில் சிறைக்கு வெளியே பார்த்தேன்.

என் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்கு உங்கள் வீதி வழியாகப் போனால் ஐந்து நிமிடம் ஆகும். வாய்க்கால்மேட்டைச் சுற்றிப் போனால் இருபது நிமிடம். அன்றிலிருந்து வாய்க்கால்மேடுதான் எனக்கு வழி.

நன்றியுடன்,
ஒரு தறிக்காரன்,
பல்லடம் வட்டம்