முன்பணம் கட்டும் முன் ஒரு தடவை தள்ளிப் பார்

மாப்ளே,

ராயல் என்ஃபீல்டு மீட்டியார் 350, சூப்பர் மீட்டியார் 650ன்னு ரெண்டு பைக் படத்தையும் அனுப்பி, எதை எடுக்கலாம்னு நீ கேட்டு மூணு வாரம் ஆச்சு. பதில் போடாதது என் தப்புதான், திட்டுறதை நேரில் வச்சுக்கோ. வெள்ளிக்கிழமை சூப்பர் மீட்டியார் 650க்கு முன்பணம் கட்டப் போறேன்னு ரேடியோ மணி ஊரெல்லாம் ஒலிபரப்பிட்டான். அதுக்குள்ள இது உன் கைக்கு வந்துடணும். இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மா உன்னை விசாரிச்சாங்க.

650 மோசமான வண்டின்னு நான் சொல்ல வரலை. இரட்டை சிலிண்டர், அது ரெண்டும் சம இடைவெளி இல்லாம வெடிக்கிற 270 டிகிரி கிராங்க். அந்த சத்தமே பாதி ஆளைக் கவுத்துடும். 47 குதிரைசக்தி, 52 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது இழுவை. பெருந்துறை தாண்டி நாலுவழிச் சாலையில் நூறில் போனாலும் இன்ஜின் அலட்டிக்காது. மீட்டியார் 350ல 20 குதிரை, 27 நியூட்டன் மீட்டர்தான். எண்பது, தொண்ணூறு வரை தங்கம். நூறைத் தாண்டினா திணறும். மேட்டில் பஸ்ஸை முந்தணும்னா ஒரு கியர் இறக்கியாகணும். இதெல்லாம் உனக்கே தெரியும்.

என் கவலை எடை. 350க்கு 191 கிலோ, 650க்கு 241. வித்தியாசம் ஒரு சிமென்ட் மூட்டை. ஓடும்போது அது தெரியவே தெரியாது, நிறுத்தித் தள்ளும்போதுதான் தெரியும். ரோடு மேல ரோடு போட்டு உன் வீட்டு வாசல் தெருவைவிட ஒரு முழம் பள்ளத்தில் கிடக்கு. முன்பக்கமா உள்ளே விட்டா, காலையில் அந்தச் சாய்தளத்தில் பின்னோக்கி ஏத்தணும். சீட் உயரம் 740 மில்லிமீட்டர்தான், கால் நல்லா எட்டுதேன்னு சொல்லாதே. கால் எட்டுறது வேற, சாயுற வண்டியைத் தாங்குறது வேற. வலது முட்டியில் ஆபரேஷன் ஆன ஆளுடா நீ. இதில் மட்டும் நான் விளையாடலை.

ஷோரூமுக்குப் போனா ஓட்டிப் பார்க்குறதுக்கு முன்னாடி இன்ஜினை அணைச்சு, நியூட்ரல்ல போட்டு, இடப்பக்கம் நின்னு பத்தடி பின்னால தள்ளு. அப்புறம் ஹேண்டில் முழுசா திருப்பி ஒரு யூ டர்ன் அடி. 650க்கு வீல்பேஸ், அதாவது ரெண்டு சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரம், 1,500 மில்லிமீட்டர், 350க்கு 1,400. உங்க சந்துல அந்த நூறு மில்லிமீட்டருக்கு விலை உண்டு.

அடுத்து தரை இடைவெளி. 350ல 170 மில்லிமீட்டர், 650ல 135. உங்க தெருவில் யானை முதுகு மாதிரி மூணு வேகத்தடை இருக்கு. தங்கச்சி பின்னால உட்கார்ந்தா ஷாக் அப்சார்பர் அமுங்கி அந்த 135ம் குறையும். 650தான் எடுப்பேன்னு நின்னா ரெண்டு விஷயம் பண்ணு. பின் ஷாக் ப்ரீலோடை, அதாவது ஸ்பிரிங் இறுக்கத்தை, ஸ்பேனர் வச்சு ரெண்டு படி ஏத்து. வேகத்தடைக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுட்டு, ஏறும்போது முன் பிரேக்கை விட்டுடு. பிடிச்சபடியே ஏறினா முன் சக்கர ஃபோர்க் அமுங்கி இன்ஜினோட அடிவயிறு இடிக்கும். ஆனா ப்ரீலோடு ஏத்தினா தனியா போறப்ப பின்பக்கம் கட்டையா குதிக்கும். இந்த ரகத்தில் ஃபுட்ரெஸ்ட் முன்னால இருக்கிறதால, குழியைப் பார்த்ததும் கால் ஊன்றி எழும்ப வழியில்லை. அடி நேரா இடுப்புக்குப் போகும். 350லயும் இந்தத் தொல்லை உண்டு, ஆனா கொஞ்சம் கம்மி. திம்பம் ஏறி ஆசனூர் போற ஆசையெல்லாம் சரி, அந்த 27 கொண்டை ஊசியிலும் முதுகு யாரோடதுன்னு யோசி.

காசு சங்கதி சுருக்கமா. 2025 செப்டம்பர் 22லிருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்கு மேல 40. மீட்டியார் 350 இன்ஜின் 349 சிசி, கோட்டுக்கு இந்தப் பக்கம். 650க்கு 648 சிசி, அந்தப் பக்கம். விலை ஏறக்குறைய இரட்டிப்பு. பெட்ரோல் செலவும் கூடும்: 350 லிட்டருக்கு முப்பத்திச் சொச்சம் தரும், 650 இருபத்திச் சொச்சம். டேங்க் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட 15 லிட்டர்தான், அதனால ஒரு தடவை நிரப்பிப் போற தூரத்திலும் நூறு கிலோமீட்டருக்கு மேல துண்டு விழும். 350ல ஸ்பார்க் பிளக் ஒண்ணு, வால்வு ரெண்டு; 650ல பிளக் ரெண்டு, வால்வு எட்டு. வால்வு இடைவெளி பார்க்கிற மெக்கானிக் கூலியையும் எண்ணிக்கோ.

ஒருவேளை பழைய 350ஐ ஓட்டிப் பார்த்து கிளட்ச் கனம்னு ஒதுக்கினாயா? 2025 மாடலில் ஸ்லிப் அசிஸ்ட் கிளட்ச் வந்திருக்கு, ரெண்டு விரலே போதும். அதை ஒரு தடவை ஓட்டு, தங்கச்சியையும் பின்னால ஏத்திக்கிட்டு.

இவ்வளவுக்கு அப்புறமும் 650தான்னா, அந்தப் பள்ளத்திலிருந்து யார் துணையும் இல்லாம பின்னோக்கி ஏத்தி எனக்கு வீடியோ அனுப்பு. ஏத்திட்டா எண்ணெய் மாத்துற முதல் செலவு என்னோடது. மணியைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னா செல்லாது.

உன்
ஒல்லிக்குச்சி