எலிகளுக்கு மட்டும் வந்த நல்ல காலம்

அன்புள்ள வசந்தி,

நீ எழுதியது கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைக்கிற விசேஷத்துக்கு வர முடியாமல் போனதில் எனக்கும் வருத்தம்தான். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இந்த ஊரில் பஸ் ஏறுவதே இப்போது பெரிய வேலை.

உன் கொழுந்தனார் விஷயம் மனசை என்னவோ செய்கிறது. பெருங்குடலில் கட்டி, ஈரல் வரை பரவியிருக்கிறது, கீமோ ஆரம்பித்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். 'ஆய்வகத்தில் புற்றுநோய் அழிந்தது' என்று அவர் மகன் ஒரு செய்தி அனுப்ப, அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "வருஷா வருஷம் இதையேதான் சொல்றான், மருந்து எங்கே? கம்பெனிக்காரன் அமுக்கிடுறான்" என்றாராம். அவர் சொன்னதில் முதல் பாதி எனக்கும் சம்மதம். இரண்டாவது பாதிக்குத்தான் இந்த நீளமான பதில்.

பாஸ்டனில் ஜூடா ஃபோக்மன் என்று ஒரு குழந்தைகள் அறுவை மருத்துவர் இருந்தார். கட்டி ஒரு அளவுக்கு மேல் வளர வேண்டுமென்றால் புதிய ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ள வேண்டும், அதைத் தடுத்தால் கட்டி பட்டினி கிடக்கும் என்று 1971-லேயே எழுதினார். பல வருஷம் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அவர் ஆய்வகத்தில் ஆஞ்சியோஸ்டாட்டின், எண்டோஸ்டாட்டின் என்று இரண்டு புரதங்களைக் கண்டுபிடித்தார்கள். எலிகளுக்குக் கொடுத்தால் கட்டிகள் சுருங்கின.

1998 மே 3, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் செய்தி. இரண்டே வருஷத்தில் ஃபோக்மன் புற்றுநோயைக் குணப்படுத்திவிடுவார் என்று, டிஎன்ஏ வடிவத்தைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய ஜேம்ஸ் வாட்சன் சொன்னதாகப் போட்டிருந்தார்கள். அந்தப் பேச்சு எனக்கு வேறு மாதிரிதான் நினைவிருக்கிறது என்று வாட்சன் பின்னால் மறுத்தார். ஆனால் யார் கேட்டார்கள்? அந்தப் புரதங்களின் உரிமை வைத்திருந்த என்ட்ரிமெட் கம்பெனியின் பங்கு வெள்ளிக்கிழமை 12 டாலர் பக்கம் இருந்தது, திங்கட்கிழமை 85 வரை போனது. நோயாளிகள் மருந்து கேட்டு நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போன் செய்தார்கள். கொடுக்கத்தான் மருந்தே இல்லை. இத்தனைக்கும் ஃபோக்மன் அளந்துதான் பேசினார்: புற்றுநோய் வந்தவர் எலியாக இருந்தால் எங்களால் நன்றாகக் கவனித்துக்கொள்ள முடியும் என்றார். எல்லோரும் படிக்க வேண்டிய வரி அதுதான். அதைத்தான் தாண்டிப் போனார்கள்.

அப்புறம் நடந்ததைக் கேள். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் அதே சோதனையைச் செய்தபோது முதலில் பலன் வரவில்லை. ஏமாற்று வேலையோ என்று பேச்சு கிளம்பியது. அவர்கள் ஃபோக்மனின் ஆய்வகத்துக்கே போய்ச் செய்து பார்த்தபோது, 1999-இல், பலன் தெரிந்தது. அந்த வருஷமே மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். பக்க விளைவு அதிகம் இல்லை, ஆனால் எலியில் சுருங்கியது போல மனிதர்களில் சுருங்கவில்லை.

ஏன் என்றால், சோதனை எலியின் கட்டி சில வாரங்களில் வளர்க்கப்பட்டது. எல்லாம் ஒரே மாதிரி செல்கள், எலிகளும் ஒன்றின் நகல் மற்றொன்று. மனிதக் கட்டி பல வருஷம் உள்ளுக்குள் வளர்ந்து, ஒரே கட்டிக்குள்ளேயே பல விதமாக மாறிவிடுகிறது. ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழி கண்டுபிடிக்கும். கண்ணாடித் தட்டில் செல்லைக் கொல்வது இன்னும் சுலபம், பிளீச்சிங் பவுடர் கூடக் கொல்லும். மனிதர்களில் முதல் கட்டச் சோதனைக்கு வருகிற புற்றுநோய் மருந்துகளிலேயே பெரும்பாலானவை கடைசி வரை வருவதில்லை. இதில் அமுக்கல் எதுவும் இல்லை, வசந்தி. வேலை செய்கிற மருந்தைக் கம்பெனிக்காரன் ஒளித்து வைக்க மாட்டான், விலையை ஏற்றி விற்பான். ஒரு வகை ரத்தப் புற்றுநோய்க்கான கிளீவெக் மாத்திரை, அதன் காப்புரிமை வழக்கு நடந்தபோது, மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் இருந்தது, நம் நாட்டுக் கம்பெனிகள் செய்தது பத்தாயிரத்துக்குள் இருந்தது. அந்த வழக்கு 2013 வரை இழுத்து உச்ச நீதிமன்றத்தில்தான் முடிந்தது. அண்ணன் கோபப்பட வேண்டியது அங்கே.

ஃபோக்மனின் யோசனை வீணாகவில்லை. ரத்தக் குழாய்களைக் கூப்பிடுகிற விஇஜிஎஃப் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் பெவாசிசுமாப் என்ற மருந்துக்கு 2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு. சோதனையில் கீமோ மட்டும் எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம், 15.6 மாதம், இதையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு 20.3 மாதம். முதல் பக்கச் செய்தி சொன்ன அதிசயம் இல்லை, கிட்டத்தட்ட ஐந்து மாதம். விழித்திரையில் ரத்தக் குழாய் தப்பாக வளர்கிறவர்களுக்கு இதே மருந்தைக் கண்ணில் ஊசியாகப் போடுகிறார்கள். நம் பக்கத்துக் கண் ஆஸ்பத்திரிகளிலும் உண்டு.

உன் கொழுந்தனாருக்கும் இந்த மருந்தை எழுதலாம், எழுதாமலும் விடலாம், அது கட்டியைப் பொறுத்தது. எழுதினால் ரத்த அழுத்தத்தை விடாமல் பார்க்கச் சொல். புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும் மருந்து என்பதால், ஈரலில் அறுவை சிகிச்சை என்று பேச்சு வந்தால் எத்தனை வாரம் முன்பு நிறுத்த வேண்டும் என்று மகனை டாக்டரிடம் கேட்கச் சொல்.

அன்புடன்,
மீனா